பழைய பில்லர் ட்ரில் வாங்கப் போகிறவருக்கு

"அண்ணே, கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒரு பில்லர் ட்ரில் நிக்குது. ஜப்பான் மெஷின். பெயின்ட் புதுசு, மோட்டரும் சத்தமில்லாம ஓடுதாம். வாங்கட்டா?" என்று சீகிரியா வீதியில் பட்டறை போட்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு படியுங்கள். அவசரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. பெயின்டும் மோட்டரும் கடைசியாகப் பார்க்க வேண்டியவை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பக்கத்துப் பட்டறைக்கு இந்த மெஷின் தேவையா என்றால், தேவைதான். இனாமலுவச் சந்தியில் திருகோணமலை வீதியை விட்டுத் திரும்பினால் ஹோட்டல்கள், சபாரி ஜீப்புகள், அவற்றைத் தாண்டினால் வயலும் தோட்டமும். வருகிற வேலையும் அதற்கேற்றதுதான். மின்னேரியாவுக்கு ஓடும் ஜீப்பில் இருக்கை பூட்டும் சட்டம், கேட்டுக்குக் கீல் தகடு, லேண்ட்மாஸ்டர் கலப்பைக்குப் பிராக்கெட். 12 மில்லிமீற்றர் தகட்டில் நான்கு ஓட்டை போட வேண்டும். நான்கும் நேராக இருக்க வேண்டும். கை ட்ரில்லால் இதைச் செய்கிறவர் மணிக்கட்டைத் திருகிக்கொள்வார், பிட்டை உடைப்பார், கடைசியில் போல்ட் இறங்காமல் ஓட்டையை அராவிக்கொண்டு நிற்பார். சீகிரியாக் குன்றில் சிங்கப் பாதங்களைக் கடந்து ஏறும்போது பாறையில் வரிசையாக வெட்டியிருக்கும் காடிகளை நின்று பாருங்கள். ஐந்தாம் நூற்றாண்டில், காசியப்பன் காலத்தில், படிகள் உட்காருவதற்காக உளியால் வெட்டியவை. பாரம் தாங்க வேண்டிய இடத்தில் வெட்டு சரியாக இருக்க வேண்டும் என்பது அந்த ஊருக்குப் புதிதல்ல.

தரையில் நிற்கும் மெஷின் என்றாலே பெஞ்சில் வைக்கும் மெஷினைவிட வலுவானது என்று பலர் நினைக்கிறார்கள். பல கம்பெனிகள் இரண்டுக்கும் ஒரே தலையைத்தான் பூட்டுகின்றன. தூண் மட்டும் நீளம். அந்த நீளத்தால் கிடைக்கும் லாபம், உயரமான சாமானை மேசையை ஒதுக்கிவிட்டு அடித்தட்டிலேயே நிறுத்தி வேலை செய்யலாம் என்பது. உங்களுக்கு அப்படி வேலை வராதென்றால் நல்ல பெஞ்ச் ட்ரில் ஒன்றே போதும், காசும் மிஞ்சும். இன்னோர் அளவையும் கேட்டு வையுங்கள். 15 அங்குல மெஷின் என்று சொன்னால் தூணிலிருந்து பிட்டின் நடுவுக்கு ஏழரை அங்குலம் என்று அர்த்தம். அதற்கு மேல் உள்ளே தள்ளி ஓட்டை போட முடியாது.

இனி மெஷினின் முன்னால் நிற்போம். எந்தக் குறையைக் கண்டாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கு மாற்றுச் சாமான் கடையில் கிடைக்குமா? பெல்ட் கிடைக்கும். சுவிட்ச், சக், மோட்டர் கிடைக்கும். பெயாரிங் பெரும்பாலும் 62 வரிசையில் வரும் சாதாரண அளவுதான். வாகனச் சாமான் கடைகளில் கேட்டு வாங்கலாம். கிடைக்காதது வார்ப்பிரும்பு. தலை, மேசை, அடித்தட்டு, தூணைக் கவ்விப் பிடிக்கும் கழுத்து ஆகியவை தேய்ந்தாலோ வெடித்தாலோ மெஷினே போனதுபோல. விற்கிறவர் பெயின்ட் அடித்து, மோட்டரை மாற்றி, சக்கைப் பளபளப்பாக்கிக் காட்டுவார். அவர் புதுப்பித்ததெல்லாம் நீங்களும் புதுப்பிக்கக்கூடியவை. உங்கள் கண் போக வேண்டிய இடம் வேறு.

சுவிட்சைத் தொடாதீர்கள். கைப்பிடியைச் சுற்றி ஸ்பின்டிலை அடிவரைக்கும் இறக்கி, அப்படியே பிடித்துக்கொள்ளும்படி கடைப் பையனிடம் சொல்லுங்கள். ஸ்பின்டிலைச் சுமந்துகொண்டு தலைக்குள்ளிருந்து வழுவழுவென்று இறங்கி வருகிறதே ஒரு தடித்த குழாய், அதுதான் ஸ்லீவ். அது தலைக்குள் நுழையும் விளிம்பில் இடது கைப் பெருவிரலை வையுங்கள்; விரலில் பாதி ஸ்லீவிலும் பாதி வார்ப்பிலும் பட வேண்டும். வலது கையால் சக்கைப் பிடித்து முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் அசையுங்கள். ஸ்லீவும் சேர்ந்து அசைந்தால் டக் டக்கென்று விரலுக்குத் தெரியும். அது தலையின் உட்துவாரம் தேய்ந்த ஆட்டம். ஸ்லீவ் அசையாமல் உள்ளேயிருக்கும் ஸ்பின்டில் மட்டும் அசைந்தால் பெயாரிங் போயிருக்கிறது. இரண்டும் உறுதியாக நிற்க சக் மட்டும் அசைந்தால், பழுது சக்கிலோ அது உட்காரும் கூம்பிலோ இருக்கிறது. கடைசி இரண்டும் சில ஆயிரங்களோடு முடியும். முதல் ஆட்டத்துக்கு லேத் பட்டறையில் போர் போட்டு புஷ் அடிக்க வேண்டும். அதுவும் தூணுக்கு இணையாக வர வேண்டும். பழைய மெஷினுக்கு அந்தச் செலவு கட்டாது. சில மெஷின்களில் தலையைப் பிளந்து குறுக்கே போல்ட் போட்டிருப்பார்கள். அதை இறுக்கி ஓரளவு ஆட்டத்தை எடுக்கலாம். அப்படி இல்லாத மெஷினில் முதல் வகை ஆட்டம் தெளிவாகத் தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வந்துவிடுங்கள். பிட் தகட்டைத் தொடும்போதே வழுக்கி ஓடும், மறுபக்கம் வெளியே வரும்போது மாட்டி உடையும். தினமும் அதோடு மல்லுக்கட்ட முடியாது.

அடுத்தது வெடிப்பு. புது பெயின்டுக்கு நான் பயப்படுவது இதனால்தான். லொறியில் படுக்க வைத்தபோது விழுந்த வெடிப்பைப் புட்டி வைத்து மூடிவிட்டால் கண்ணுக்குப் படாது. கழுத்தின் பிளவு, அடித்தட்டின் போல்ட் காதுகள், மேசையின் அடிப்பக்கம் ஆகிய மூன்று இடங்களையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பெரும்பாலும் பெயின்ட் ஏறியிருக்காது. சந்தேகப்பட்ட இடத்தில் பெயின்டைக் கொஞ்சம் சுரண்ட அனுமதி கேளுங்கள். பிறகு மண்ணெண்ணெய் தடவிச் சில நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மேலே கசிந்து, வெள்ளைத் தூளில் கறுப்புக் கோடாக எழும்பும். செலவில்லாத சோதனை. ஒரு சின்னப் போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு சோக்குக் கட்டியும் பையில் இருக்கட்டும்.

மேசையில் ஓட்டைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். முன்பு வேலை செய்தவர் அடியில் பலகை வைக்காமல் ஓட்டை போட்டிருக்கிறார் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மனிதர் எண்ணெய் விட்டிருப்பாரா என்ற கேள்வியும் கூடவே வரும். அதை ஸ்லீவ் சொல்லிவிடும். மேசை நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தடித்த கம்பியை மடக்கிச் சக்கில் பூட்டுங்கள். முனை மேசையை மெல்ல உரசும்படி வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று தெரியும். இடமும் வலமும் பொதுவாக ஒரு போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன்பக்கம் தொங்கியிருந்தால் பெரும்பாலான மெஷின்களில் தகடு வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி விற்கிறவர் சொல்லும்போது மேல் வேகத்தைத்தான் பெருமையாகச் சொல்வார். இரும்பு வேலைக்கு வேண்டியது கீழ் வேகம். சாதாரண எச்.எஸ்.எஸ். பிட்டால் மைல்ட் ஸ்டீலில் 10 மில்லிமீற்றர் ஓட்டைக்கு நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று, 20 மில்லிமீற்றருக்கு 400, 25 மில்லிமீற்றருக்கு 300. ஆகக் குறைந்த வேகமே 500 என்று பெல்ட் மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் அட்டவணை காட்டினால், அது மரவேலைக்காரருக்குப் பொருந்தும். உங்கள் பெரிய பிட்டை எரித்துவிடும். சக்கைக் கழற்றிப் பார்க்கவும் கேளுங்கள். உள்ளே மோர்ஸ் 2 கூம்பு இருந்தால் 23 மில்லிமீற்றர் வரைக்கும் கூம்புத் தண்டு பிட்டை நேரே ஏற்றலாம். கூம்பின் உட்சுவரில் விரலை விட்டுச் சுற்றுங்கள். வரி வரியாகக் கீறியிருந்தால் பிட் உள்ளேயே சுற்றியிருக்கிறது. லேசான கீறலை ரீமர் விட்டு எடுக்கலாம்.

இப்போது மோட்டர். ஜப்பான் மெஷின் என்றால் இதில் ஒரு கதை இருக்கிறது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், மூன்று பேஸ் 200 வோல்ட். 1890களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதால் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ் என்று இன்றைக்கும் நாடு இரண்டாக நிற்கிறது. நமக்கோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மூன்று பேஸ் 400 வோல்ட். 100 வோல்ட் மோட்டரை நம் சுவரில் செருகினால் புகைதான். 200 வோல்ட் மூன்று பேஸ் மோட்டரை 400இல் கொடுத்தாலும் அதே முடிவு. ஆகவே மோட்டரில் அடித்திருக்கும் தகட்டை வாசிக்காமல் எதையும் செருகாதீர்கள். கடையில் ஓட்டிக் காட்டினால் எந்த வயரிலிருந்து ஓட்டுகிறார், நடுவில் ட்ரான்ஸ்போர்மர் இருக்கிறதா என்று பின்தொடர்ந்து பாருங்கள்.

100 வோல்ட் மோட்டர் என்றால் கழற்றி வைத்துவிட்டு 230 வோல்டில் 1 குதிரைவலு மோட்டர் போடுவதுதான் நல்ல வழி. தண்டின் தடிப்பு புல்லிக்குப் பொருந்துமா என்று அளந்துகொள்ளுங்கள். 200 வோல்ட் மூன்று பேஸ் மோட்டராக இருந்தால் நான் சந்தோஷப்படுவேன். ஒற்றைப் பேஸை வாங்கி மூன்று பேஸ் கொடுக்கும் இன்வெர்ட்டர் ஒன்று போதும். பட்டறைக்கு மூன்று பேஸ் இணைப்பு எடுக்கும் செலவு மிச்சம். 50 ஹெர்ட்ஸில் 200 வோல்ட் என்று அதில் அமைத்துக்கொள்ளுங்கள். வேகத்தையும் குமிழைத் திருப்பிக் குறைக்கலாம்தான், ஆனால் பெரிய பிட்டுக்குப் பெல்ட்டை மாற்றியே குறையுங்கள். மிக மெதுவாகச் சுற்றும் மோட்டர் தன் விசிறியால் தன்னைக் குளிர்விக்க முடியாமல் சூடேறும். இந்தியாவிலிருந்து வரும் பில்லர் ட்ரில்களில் மூன்று பேஸ் 415 வோல்ட் மோட்டர் இருக்கும். மூன்று பேஸ் உள்ள பட்டறையில் அது அப்படியே ஓடும், இல்லாத இடத்தில் மோட்டரை மாற்ற வேண்டும்.

விலை பேசுவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதிலிருந்து, பழைய மெஷினுக்கும் புது மெஷினின் விலையைக் காட்டியே விலை சொல்கிறார்கள். வாதாட வேண்டாம். மாற்ற வேண்டிய சாமான்களின் விலையை ஒரு தாளில் எழுதிக் கூட்டி, அந்தத் தொகையைக் கழித்துச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்ட முடியாத மெஷினுக்கு மோட்டர் இல்லை என்று வைத்தே விலை கேளுங்கள்.

கொழும்பிலிருந்து சீகிரியாவுக்குச் சுமார் 170 கிலோமீற்றர். இந்த மெஷினின் பாரமெல்லாம் தலையில் இருப்பதால் நிமிர்த்தி வைத்து ஏற்றினால் முதல் வளைவிலேயே சாயும். முடிந்தால் தலையைக் கழற்றித் தனியாக டயர் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் மேசையைக் கீழே இறக்கி இறுக்கி, மோட்டரைக் கழற்றி, தூணுக்கு அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்துப் படுக்க வையுங்கள். பாரம் தூணில் இறங்க வேண்டும், மேசையில் அல்ல. பக்கவாட்டில் இருக்கும் வட்ட மூடிக்குள் ஸ்லீவை மேலே இழுக்கும் சுருள் வில் இறுக்கமாகச் சுற்றியிருக்கிறது. ஏற்றுகிற அவசரத்தில் யாரும் அதைக் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரலை வெட்டும். பட்டறைக்கு வந்ததும் கொங்கிரீட் தரையில் நான்கு போல்ட் அடித்துப் பூட்டிய பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். பெல்ட் மூடி இல்லாமல் வந்திருந்தால் தகட்டில் ஒன்று செய்து மாட்டுங்கள். கையுறை போட்டுக்கொண்டு இதில் வேலை செய்யக் கூடாது, சாரத்தோடும் நிற்கக் கூடாது. சுற்றுகிற பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்தே இழுக்கும். வேலைக்கு வருகிற பையனுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.