பிராஜெக்ட் எழுதும் முறை: ரஃப் நோட்டிலிருந்து பைண்டிங் வரை

மார்ச் பிறந்துவிட்டால் கல்லூரிகளைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் ராத்திரி பத்து மணிக்கும் கூட்டம் குறையாது. சில கடைகளில் சீனியர்களின் பழைய ஃபைல்கள் கணினியிலேயே கிடக்கும். முகப்பில் பேரையும் பதிவெண்ணையும் மாற்றினால் புது பிராஜெக்ட் தயார். அப்படி வாங்குகிறவர் தெரிந்தே செய்கிறார், அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் எழுதுவது இன்னொரு ரகத்தாருக்கு. சொந்தமாகத்தான் எழுதினோம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். சிமிலாரிட்டி ரிப்போர்ட் வந்ததும் பக்கம் பக்கமாக வண்ணம் பூசிக் கிடக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. கோளாறு எழுதும்போது நேர்ந்ததல்ல, இரண்டு மாதம் முன்னால் குறிப்பெடுத்தபோதே நேர்ந்துவிட்டது. எது புத்தகத்தின் வரி, எது தன் வரி என்பது நோட்டிலேயே கலந்துபோனால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

அதனால் நோட்டிலிருந்து தொடங்குவோம். காகிதமோ கணினியோ, எதுவானாலும் சரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றை எழுதாமல் ஒரு வரியும் குறிக்கக் கூடாது. இணையத்தில் எடுத்ததென்றால் முகவரியும் பார்த்த தேதியும் வேண்டும். பக்க எண்ணை அந்தந்தக் குறிப்பின் ஓரத்திலேயே போடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நீங்கள் தேடிப் போகும் நாளில் அந்தப் புத்தகம் வேறு யார் பேரிலோ நூலகத்தைவிட்டு வெளியே போயிருக்கும். பிறகு பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நூலாசிரியர் சொன்னது, வலப்பக்கம் உங்களுக்குத் தோன்றியது. இடப்பக்கத்திலும் சொல் மாறாமல் எடுத்ததற்கு மேற்கோள் குறி போட வேண்டும். சாரமாக எடுத்ததற்குக் குறி வேண்டாம். கணினியில் எழுதுகிறவர்கள் ஒட்டிய பகுதிக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்தால் போதும். நிறம் மாறாத ஒட்டு வேலை ஒன்றுகூட ஃபைலில் இருக்கக் கூடாது.

அடுத்தது எழுதுவது. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாலாற்றுத் தோல் கழிவு பற்றி ஒரு மாணவி பிராஜெக்ட் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் படிக்கும் நூலில் இப்படி ஒரு வாக்கியம் (இந்த விளக்கத்துக்காக நானே எழுதியது): “பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பல ஆண்டுகளாகத் தேங்கியதால் நிலத்தடி நீர் உவர்ப்பேறி, கிணற்றுப் பாசனத்தை நம்பியிருந்த உழவர்கள் சாகுபடியைக் கைவிட நேர்ந்தது.”

மாணவி எழுதுகிறார்: “பாலாற்றங்கரையில் தோல் ஆலைகளின் கழிவுநீர் நெடுங்காலமாகத் தேங்கியதால் நிலத்தடி நீர் உப்பாகி, கிணற்றுப் பாசனத்தைச் சார்ந்திருந்த விவசாயிகள் பயிர்த்தொழிலை விட வேண்டியதாயிற்று.”

படுகை கரையாகிவிட்டது, உழவர் விவசாயி ஆகிவிட்டார். மற்றபடி அதே வாக்கியம்தான்: அதே வரிசை, அதே ‘தேங்கியதால்’, அதே முடிவு. கீழே அடிக்குறிப்பு போட்டாலும் இது சரியாகாது. கருத்து பிறருடையது என்பதை அடிக்குறிப்பு சொல்லிவிடும். வாக்கியமும் பிறருடையதே என்பதை அது சொல்லாது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ‘சொந்த நடையில்’ எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் வரும். நிகண்டு தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபமாக வரும்.

புத்தகத்தை மூடுங்கள். எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து, நோட்டின் வலப்பக்கத்தை மட்டும் பார்த்து எழுதுங்கள். அந்த மாணவி அப்போது எழுதக்கூடியது இது: “வாணியம்பாடிப் பக்கம் சாகுபடி குறைந்ததற்குக் கிணற்று நீர் உப்பானதே காரணம் என்கிறார் இந்நூலாசிரியர் (பக். 42). நான் சந்தித்த உழவர்களில் சிலர் ஆற்றில் மணல் அள்ளியதையும் காரணமாகச் சொன்னார்கள். அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.” இதில் புத்தகம் இருக்கிறது, அதோடு எழுதியவரும் இருக்கிறார். மூலத்தின் சொல்லே வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்துக் கொடுங்கள், அதில் குற்றமில்லை. எழுதி முடித்தபின் ஒரு தடவை புத்தகத்தைத் திறந்து, எண்ணும் பெயரும் சரிதானா என்று மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேற்கோள் பட்டியலில் ஒரு திருட்டு உண்டு, எந்த மென்பொருளிலும் சிக்காது. பாலாற்றுப் பிரச்சினையை எழுதுகிறவர்கள் எல்லோரும் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தீர்ப்பைக் குறிப்பிடுவார்கள். மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இந்தச் செய்தியை ஏதோ ஒரு கட்டுரையில் படித்துவிட்டுத் தீர்ப்பையே படித்ததுபோல் பட்டியலில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. முதல்நூல், வழிநூல் என்று பிரித்துப் பார்த்த மரபில் வந்தவர்கள் நாம். தீர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, படித்துவிட்டுச் சேருங்கள். நேரமில்லையென்றால் ‘இன்னாருடைய கட்டுரை வழியாக’ என்று எழுதுங்கள். கட்டுரைக்காரர் அபராதத்தில் ஒரு சைபரைத் தவறவிட்டிருந்தால் அந்தத் தவறு அவர் கணக்கில் நிற்கும், உங்கள் கணக்கில் ஏறாது.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் நூற்பட்டியல் கேட்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. 2023-இல் நியூயார்க்கில் ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன் தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை என்று தெரியவந்து 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆகவே கருவி சொன்ன எதையும் நீங்களே தேடி, திறந்து, அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டியலில் ஏற்ற வேண்டும். கிடைக்காவிட்டால் அடித்துவிடுங்கள். கருவியை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது துறைக்குத் துறை மாறும். தொடங்கும்போதே கைடிடம் கேட்டு, பயன்படுத்தியதை ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

கள ஆய்வு இருந்தால் கொஸ்டினர் என்ற பூதம் வரும். நூறு பேரிடம் கேட்பதாகத் திட்டத்தில் எழுதியாகிவிட்டது, கையில் இருப்பதோ அறுபத்துமூன்று படிவங்கள். விடுதி அறையில் நான்கு பேனாவை மாற்றி மாற்றி டிக் அடித்து மிச்சத்தை நிரப்பும் கலை எல்லா ஊரிலும் வளர்ந்திருக்கிறது. அப்படி நிரப்பிய தாள்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரு கேள்வியைக்கூட யாரும் விட்டிருக்க மாட்டார்கள், வயதுகள் எல்லாம் 35, 40, 45 என்றே வரும், ‘வேறு கருத்து’ என்ற கட்டம் காலியாகவே இருக்கும். நிஜ மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காகப் படிவம் நிரப்புவதில்லை. அறுபத்துமூன்று என்றே எழுதுங்கள். மற்றவர்கள் ஏன் பேசவில்லை என்று ஒரு பத்தி சேருங்கள். ஆலையில் வேலை பார்ப்பவர் ஆலையைப் பற்றிப் பேசத் தயங்கினார் என்பதே ஒரு கண்டுபிடிப்புதான்.

நண்பர்களோடு விவாதிக்கலாம். எழுதும்போது தனியாக உட்காருங்கள்; வாட்ஸ்அப் குரூப்பில் அத்தியாயத்தைப் போடாதீர்கள், உங்கள் வரி இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இனி சிமிலாரிட்டி ரிப்போர்ட். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிமுறையில் நான்கு படிகள் உண்டு. ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை போனால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, முறையாகக் காட்டிய மேற்கோள்கள், சட்ட வாசகங்கள் எல்லாம் கணக்கில் வராது. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களுக்கும் 14 சொல் வரை விலக்கு உண்டு. பலர் கவனிக்காத இன்னொன்று: இந்த விதி ஆய்வேடுகளுக்கும் வெளியிடும் கட்டுரைகளுக்கும்தான். அசைன்மென்ட், பிராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் ஆகியவற்றை அது வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கிறது. அங்கே செல்லுபடியாவது உங்கள் துறையின் விதி, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்துக்குள் இருக்கிறது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டை வாங்கியதும் சதவீதத்தைப் பார்க்காமல் வண்ணம் பூசிய இடங்களைப் பாருங்கள். சட்டத்தின் பெயர் பூசப்பட்டிருந்தால் கவலை வேண்டாம். மூன்று வரி தொடர்ச்சியாகப் பூசியிருந்தால் நோட்டுக்குத் திரும்புங்கள். மேற்கோள் குறி விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் புத்தகத்தை மூடாமல் எழுதியிருப்பீர்கள். குறி போடுவதோ மறுபடி எழுதுவதோதான் வழி. சதவீதத்தைக் குறைத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் மேலே சொன்ன படுகை-கரை வேலையைத்தான் காசுக்குச் செய்து தருகிறார்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். யூனிகோடில் எழுதிய உங்கள் பக்கத்தோடு அதை மென்பொருள் ஒப்பிடுவது கடினம். ஆங்கில நூலிலிருந்து பெயர்த்து எழுதியதும் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் தமிழ் ரிப்போர்ட்டில் வரும் ‘3 சதவீதம்’ எதற்கும் சான்றாகாது. பெயர்த்ததற்கும் மூலத்தைக் குறிப்பிட வேண்டியது உங்கள் பொறுப்பு.

கடைசியில் டிக்ளரேஷன். இது என் சொந்தப் படைப்பு, வேறெங்கும் பட்டத்துக்குச் சமர்ப்பிக்கவில்லை என்ற அந்தப் பக்கத்தைப் பைண்டிங் கடையில் வண்டி மேல் வைத்து அவசரமாகக் கையெழுத்துப் போடாமல், வீட்டில் படித்துப் பார்த்துப் போடுங்கள். வைவாவுக்குப் போகும்போது ரஃப் நோட்டையும் நிரப்பிய படிவங்களையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். “இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது?” என்று தேர்வாளர் கேட்டால் எடுத்துக் காட்டலாம். முனைவர் பட்டமென்றால், பட்டம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் இன்ஃப்லிப்நெட்டின் ஷோத்கங்கா தளத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் அந்த நோட்டையும் படிவங்களையும் பட்டம் வாங்கிய கையோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.