கரண்டு விலையை வைப்பது யார்?



2022 செப்டம்பர் 10-ம் தேதி மின் கட்டணம் ஏறியபோது நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் பேச்சைவிட கரண்டு பில் பேச்சுதான் அதிகம். "ஈ.பி. ஆபீசுல ஏத்திட்டாங்க" என்றார்கள் சிலர். "எல்லாம் பிரைவேட்டுக்குப் போயிடுச்சு" என்றார்கள் சிலர். இரண்டுமே சரியில்லை.

விலையை வைப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1999-ல் அமைந்தது. 2003 மின்சாரச் சட்டப்படி, வாரியம் தன் இஷ்டத்துக்கு ஒரு பைசாகூட ஏற்ற முடியாது. வரவு செலவுக் கணக்கோடு ஆணையத்துக்கு மனு போடணும். அந்த மனுவை எல்லோருக்கும் தெரிய வெளியிட்டு, மக்களின் ஆட்சேபணையையும் கேட்டுத்தான் ஆணையம் உத்தரவு போடும். 2022-ல் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நம்ம ஊரிலிருந்து மூன்றும் தூரம்தான். ஆனால் எழுதியும் அனுப்பலாம். தீர்மானம் எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?

சரி, தனியார் எங்கே வருகிறார்கள்? நாம் எரிக்கும் கரண்டு முழுவதையும் வாரியமே தயாரிப்பதில்லை. கணிசமான பகுதியை வெளியில் வாங்குகிறது. கன்னியாகுமரி பக்கம் முப்பந்தலில் சுற்றும் காற்றாலைகளில் பெரும்பாலானவை தனியார் முதல் போட்டு வைத்தவை. ராமநாதபுரம் கமுதியில் 2016-ல் அதானி நிறுவனம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. அந்த மின்சாரத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 பைசா என்று ஒப்பந்தம். 2017-ல் வாரியம் டெண்டர் விட்டபோது சூரிய மின்சாரம் 3 ரூபாய் 47 பைசாவுக்கே கிடைத்தது. இடையில் சோலார் தகடு விலை இறங்கிவிட்டது, போட்டியும் வந்துவிட்டது. ஆனால் பழைய ஒப்பந்தம் 25 வருஷத்துக்கு. தனியார் பணம் வருவது தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. வாங்கும் விலை கடைசியில் நம்ம பில்லில்தான் வந்து உட்காரும். அதனால்தான் அந்த விலைக்கும் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போடும் சகோதரிகள் பலர் வீட்டு இணைப்பிலேயே கிரைண்டர் ஓட்டி மாவு அரைக்கிறீர்கள். வீட்டுக்கு வாங்கிய கரண்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதாக எழுதிவிட்டால், சட்டத்தின் 126-ம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடலாம். "தெரியாம செஞ்சேன்" என்றால் எடுபடாது. குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. கடைகளுக்கான வணிகக் கட்டணத்தைவிட அது குறைவு. உங்கள் தொழில் எதில் சேரும் என்று பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

பில் கட்டவில்லை என்று இணைப்பைத் துண்டிக்கவும் 15 நாள் எழுத்து நோட்டீஸ் தரணும். புகாருக்கு அலுவலகம் செவி சாய்க்கவில்லையா? நம்ம மின் பகிர்மான வட்டத்துக்கென்று நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. வக்கீல் வைக்கத் தேவையில்லை, நாமே பேசலாம். அங்கேயும் தீராவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவின் ஊக்குநரும் பிரதிநிதியும், வீட்டில் தொழில் செய்யும் உறுப்பினர்களின் கடைசி மூன்று கரண்டு பில்லை வாங்கி வாருங்கள். யார் எந்தப் பிரிவில் கட்டுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்ப்போம்.