நடுவரும் சுவைஞரும்

இரசிகன் என்னும் வடசொல்லுக்குச் சுவையை உணர்பவன் என்பது பொருள். அவனையே தமிழிற் சுவைஞன் என்பர். பாட்டைக் கேட்டுத் தலையசைப்பவனும், நாடகத்தைக் கண்டு கண்கலங்குபவனும், மைதானத்தின் ஓரத்திலே வெயிலிற் காய்ந்துகொண்டு ஆட்டம் பார்ப்பவனும் சுவைஞரே. தொல்காப்பியர் கூறிய எண்வகை மெய்ப்பாடுகளையும் ஒருசேரக் காண விரும்புவோர், கடைசி ஓவரில் இலங்கைக்குப் பத்து ஓட்டங்கள் தேவைப்படும் வேளையிலே தொலைக்காட்சிப் பெட்டியின்முன் குழுமியிருப்போரின் முகங்களைப் பார்த்தாற் போதும். ஆனால் இந்நாளிற் சுவைஞன் கண்டு களிப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஆட்டம் முடியுமுன்னரே கைத்தொலைபேசியில் தீர்ப்பும் எழுதிவிடுகின்றான். அத்தீர்ப்பு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதை, நம் நாட்டவரைப் பெரிதுங் கொதிப்படையச் செய்த நிகழ்ச்சி ஒன்றைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

2023 நவம்பர் 6 ஆம் நாள் தில்லியிலே உலகக் கிண்ணத் துடுப்பாட்டப் போட்டியில் இலங்கையும் பங்களாதேஷும் எதிர்த்தாடின. சதீர சமரவிக்ரம 41 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்க, அஞ்சலோ மெத்தியூஸ் களம் புகுந்தார். பந்தை எதிர்கொள்ளுமுன் தலைக்கவசத்தின் நாடாவை இறுக்கியபோது அது அறுந்துவிட்டது. வேறொரு கவசம் கொண்டுவரும்படி அவர் சைகை காட்டினார். அவ்வேளையிற் பந்துவீசிக்கொண்டிருந்த பங்களாதேஷ் அணித்தலைவர் ஷகிப் அல் ஹசன், குறித்த நேரம் கடந்துவிட்டதென நடுவரிடம் முறையிட்டார். மெத்தியூஸ் அவரிடஞ் சென்று நிலைமையை எடுத்துரைத்தும் முறையீடு மீளப்பெறப்படவில்லை. 1877 முதல் நடந்துவரும் பன்னாட்டுத் துடுப்பாட்ட வரலாற்றில், நேரங் கடந்தமையால் ஆட்டமிழந்த முதல்வர் என்னும் பெயர் இங்ஙனம் அவருக்கு வாய்த்தது. சரித் அசலங்க 108 ஓட்டங்கள் எடுத்தும் பயனில்லை. பங்களாதேஷ் மூன்று விக்கெட்டுகளால் வென்றது. ஆட்ட முடிவில் இரு அணியினரும் கைகுலுக்கவில்லை.

அன்றிரவே முகநூலிலும் பிறவிடங்களிலும் வசைமாரி தொடங்கிற்று. வசைபாடியோருட் பெரும்பாலோர்க்கு விதி இன்னதென்றே தெரியாது. ஆதலின் முதலில் விதியைக் காண்போம்.

இவ்விதி நேற்றுப் பிறந்ததன்று. 1744 இல் இலண்டனில் எழுதப்பெற்ற பழைய விதிகளிலேயே, ஒருவன் ஆட்டமிழந்தபின் அடுத்தவன் வருவதற்கு நடுவர் இரண்டு நிமிடம் கொடுத்தல் வேண்டும் என்றுளது. எம்.சி.சி. கழகம் இன்று வழங்கும் பொதுவிதி மூன்று நிமிடம் தருகின்றது. அவ்வுலகக் கிண்ணப் போட்டிக்கெனத் தனியே வகுக்கப்பட்ட நிபந்தனையோ இரண்டு நிமிடமே தந்தது. அதற்குள் வீரர் களத்திற்கு வந்துவிட்டாற் போதாது. பந்தை எதிர்கொள்ள ஆயத்தமாகவும் நிற்றல் வேண்டும். நாடா அறுவதற்கு முன்னரே இரண்டு நிமிடங் கடந்துவிட்டது என்றார் நான்காம் நடுவர். கவசம் பழுதுற்ற பின்னரும் ஐந்து வினாடிகள் எஞ்சியிருந்தன என ஒளிப்பதிவைச் சான்று காட்டினார் மெத்தியூஸ். அவ்வினாடிக் கணக்கில் நான் புக விரும்பவில்லை. எதிரணி முறையிட்டால் நேரம் பார்த்து விடை சொல்லுதலே நடுவர் கடன்; இரக்கங் காட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை. நடுவு நிலைமை என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர்வழி வந்த நாம், நடுவர் என்னும் பெயரின் பொருளையாவது மதித்தல் தகும். அன்று இரக்கங் காட்டக்கூடியவர் ஒருவரே. அவர் எதிரணித் தலைவர்.

தலைவர்கள் அவ்வாறு இரங்கிய வேளைகள் உண்டு. 2007 சனவரியிற் கேப்டவுனில், அடுத்து ஆடவேண்டிய சச்சின் தெண்டுல்கர் களத்துக்கு வெளியே கழித்த நேரம் காரணமாக உடனே துடுப்பெடுத்தாட இயலாதுபோக, ஆயத்தமின்றியிருந்த சவுரவ் கங்குலி வந்துசேர ஆறு நிமிடமளவு சென்றது. தென்னாபிரிக்கத் தலைவர் கிரேம் சிமித் முறையிடவில்லை. 1980 இல் இந்தியத் துடுப்பாட்டச் சபையின் பொன்விழா ஆட்டம் பம்பாயில் நடந்தபோது, இங்கிலாந்தின் பொப் டெயிலர் ஆட்டமிழந்தார் என நடுவர் கைகாட்டிய பின்னரும், பந்து துடுப்பிற் படவில்லையெனக் கருதிய இந்தியத் தலைவர் விசுவநாத் அவரைத் திருப்பியழைத்தார். டெயிலரும் இயன் பொத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவிக்க, ஆட்டத்தில் இந்தியா தோற்றது. தோல்வியை எத்தனைபேர் நினைவில் வைத்துள்ளனரோ அறியேன். விசுவநாத்தின் செயலைத் துடுப்பாட்ட நூலோர் இன்றும் எழுதுகின்றனர். 2012 இற் பிரிஸ்பேனில் நம் லகிரு திரிமான்ன பந்து வீசப்படுமுன் கோட்டைவிட்டு நகர, அசுவின் அவரை ரன் அவுட் செய்தார். தலைவர் சேவாக் முறையீட்டை மீளப்பெற்றார். நாம் மகிழ்ந்தோம்.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2014 இல் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் இதே வகையாக ஜோஸ் பட்லரை நம் சச்சித்ர சேனாநாயக்க ஆட்டமிழக்கச் செய்தார். முன்னரே எச்சரித்திருந்தார் என்பது மெய். விதிப்படி சரி என்பதும் மெய். முறையீட்டில் உறுதியா என நடுவர் வினவியபோது, உறுதியே என்று கூறிய இலங்கைத் தலைவர் யார்? அதே அஞ்சலோ மெத்தியூஸ்தான்! அன்று நம்மவர் விதியைப் போற்றினர், இங்கிலாந்தார் பண்பைப் பேசினர். 2023 இல் நாம் பண்பைப் பேசினோம், பங்களாதேஷ் மக்கள் விதியைப் போற்றினர். மெத்தியூஸ் செய்ததும் ஷகிப் செய்ததும் எல்லாவற்றாலும் ஒத்தவை என்று நான் சொல்ல வரவில்லை. எச்சரித்தபின் செய்வது வேறு, கவசம் பழுதுற்றவனைப் பிடிப்பது வேறு. ஷகிப் முறையீட்டைக் கைவிட்டிருக்கலாம் என்பதே என் துணிபு. ஆயினும், பெயர்களை இடம்மாற்றிப் பார்த்தபோதும் இத்துணிபு நிலைக்கின்றதா எனச் சோதித்த பின்னரே இதனை எழுதத் துணிந்தேன். இடம்மாற்றியவுடன் தலைகீழாகும் கருத்து வெறும் கட்சிப்பற்றேயன்றிக் கருத்தாகாது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். அவ்வாட்டத்துக்கு நான்கு நாள் முன்னர் மும்பையில் இலங்கை 55 ஓட்டங்களுக்குச் சுருண்டு, இந்தியாவிடம் 302 ஓட்டங்களால் தோற்றிருந்தது. தில்லியில் ஆட்டம் நடந்த அன்றே விளையாட்டமைச்சர் துடுப்பாட்டச் சபையைக் கலைத்தார். மறுநாள் நீதிமன்றம் அக்கலைப்பைத் தடுத்தது. நவம்பர் 10 இற் பன்னாட்டுச் சபை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்திற்று. அதன் விளைவாக, இங்கு நடைபெறவிருந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. நம் பிள்ளைகள் தம் வயதொத்தாரின் ஆட்டத்தைத் தாய்நாட்டிலேயே காணும் வாய்ப்பு அவ்வாறு பறிபோயிற்று. சினங்கொள்ளவேண்டிய இடம் அது. எமது சுற்றுவட்டாரத்திலோ அதனைப் பேசினோர் சிலர். இரண்டு நிமிடத்தைப் பேசினோர் பலர்.

பேசுவதிலும் ஒரு வேறுபாடு உளது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மென்பந்து ஆட்டம் நடக்கும்போது கூச்சலுக்குக் குறைவிராது. நடுவராக நிற்பவர் பெரும்பாலும் அடுத்த லயத்துக் கங்காணி மகனாயிருப்பார். அவரை நோக்கி ஒருவன் சுடுசொல் எறிந்தால், எறிந்தவன் யார் மகன் என்பதை மைதானம் முழுவதும் அறியும். மறுநாட் காலையிற் பிரட்டுக்களத்தில் இருவரும் எதிர்ப்பட்டே தீரவேண்டும். அச்சொல்லும் காற்றோடு போய்விடும். தொலைபேசியில் எழுதுஞ் சொல்லோ காற்றோடு போவதில்லை. எழுதியவன் புனைபெயரில் மறைந்திருப்பான்; எழுதப்பட்டவன் அதனை நள்ளிரவிலும் படிப்பான்.

அது எவ்வளவு தூரஞ் செல்லும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2021 ஒக்டோபரில் இந்தியா பாக்கிஸ்தானிடந் தோற்றபோது, பதினொருவர் ஆடிய ஆட்டத்தின் பழி முழுவதும் முகமது ஷமி என்னும் ஒருவர்மீது சமயத்தின் பெயராற் சுமத்தப்பட்டது. அவருக்காகப் பரிந்துபேசிய தலைவர் விராட் கோலியின் கைக்குழந்தையையும் இழிசொல் விட்டுவைக்கவில்லை. அதே ஆண்டு யூலையில் ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்ட இறுதியிலே தண்ட உதையைத் தவறவிட்ட இங்கிலாந்தின் கறுப்பின இளைஞர் மூவரும் நிறத்தின் பெயரால் ஏசப்பட்டனர்.

தமிழராகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரனாகக் கண்டியிற் பிறந்து, 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்தியவர் முத்தையா முரளிதரன். 1995 இல் மெல்பேர்ண் நகரில் ஒரே நாளில் ஏழுமுறை அவருடைய பந்துவீச்சு விதிக்கு மாறானதென அறிவிக்கப்பட்டபோது துடித்த மலையகம், பிற்காலத்தில் அவருடைய அரசியற் கூற்றுக்களோடு உடன்படவும் மறுக்கவும் உரிமையுடையது. மறுத்தோர் பலர், அவர்தம் காரணங்களை நான் எள்ளவில்லை. ஆனால் 2020 இல் அவர் வரலாற்றைப் படமாக்கும் முயற்சியிலிருந்து நடிகர் விசய் சேதுபதி விலகிய நாட்களிலே, அந்நடிகரின் சிறுமகளுக்கு விடுக்கப்பட்ட இழிந்த மிரட்டலை எக்கொள்கையின் பெயரால் நியாயப்படுத்துவது? அது தமிழிலேயே எழுதப்பட்டது. தமிழ் கற்பிக்கும் எனக்கு அதுவே ஆறாத நோவு.

கொள்ளைநோய்க் காலத்திற் பாடங் கற்பதற்கென்று கடன்பட்டு வாங்கிய தொலைபேசி இன்று லயத்து அறைதோறும் உளது. பால்வெட்டியும் கொழுந்து பறித்தும் பெற்றோர் தேடிய பணத்தில் வந்த கருவி அது. 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க்கூற்றுப் பரப்புவோரைத் தண்டிக்க இடந்தருகின்றது. கருத்துரிமையை அது நெரிக்கும் என்னும் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் சட்டம் சட்டமே. வழக்கு என்று வந்தால், வழக்கறிஞர் வைக்கப் பொருளில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கே இடர் மிகுதி. இதனை மாணவர்க்கு எடுத்துச்சொல்லும்போது, எழுதாதே என்று நான் சொல்வதில்லை. உன் பெயரை இட்டு எழுது. வீரனின் ஆட்டத்தை எழுது, அவன் குலத்தையும் பிள்ளையையும் எழுதாதே. தோற்ற இரவில் எழுதியதை விடிந்தபின் வெளியிடு என்கின்றேன். சிலர் சிரிக்கின்றனர். சிலர் விடியும்வரை பொறுத்து, எழுதியதை அழித்துவிட்டதாக வந்து சொல்கின்றனர்.

தில்லிப் பிணக்கு நெடுநாள் நீடித்தது. 2024 மார்ச்சில் சில்ஹெட்டிற் கிண்ணம் வென்ற நம்மவர் மணிக்கட்டைக் காட்டி எள்ளினர். சில நாளிற் சட்டோகிராமில் வென்ற பங்களாதேஷ் வீரர் ஒருவர் தலைக்கவசத்தைக் காட்டி எள்ளினார். இருபக்கத்துச் சுவைஞரும் அதற்கு நெய்யூற்றினர். மெத்தியூஸ் தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தை 2025 யூனில் காலியில் ஆடினார். எதிரணி பங்களாதேஷ். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.