பிரித்துப் பார்த்தவர்கள் – 11: எதிராளிக்கே முதல் பேச்சு

இந்த வாரம் வட்டியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. கட்டுரைக்காகப் பக்கத்தில் வைத்திருந்த இரண்டு நூல்களும் ஒரே நூற்றாண்டில் பிறந்தவை என்பது உறைத்தபின் வேறு எதிலும் மனம் ஓடவில்லை. பாரிஸ் பல்கலைக்கழக வாத அரங்கில் ஆண்டுக்கு இருமுறை எவரும் எதையும் ஆசிரியரிடம் கேட்கலாம் என்ற வழக்கத்தோடு போன வாரம் நிறுத்தினோம். அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் நூல் தோமா அக்குவினாஸின் 'சும்மா தியோலொஜிக்கா'. தோமா 1274-ல் இறந்தபோது அது முடியாமலே நின்றது. நின்ற இடம் வரையில் 512 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் பல உட்பிரிவுகள். எந்த உட்பிரிவைத் திறந்தாலும் தோமா முதலில் பேசமாட்டார். அவருக்கு எதிரானவர்தான் பேசுவார்.

'கடவுள் இருக்கிறாரா?' என்ற பகுதியையே எடுத்துக்கொள்வோம். எழுதுபவர் ஒரு துறவி. படிக்கப்போகிறவர்கள் இறையியல் மாணவர்கள். முதல் வரியிலேயே, கடவுள் இல்லை என்றே தோன்றுகிறது என்று ஆரம்பிக்கிறார். காரணம் ஒன்று: எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு இடமே இருக்கக் கூடாது, ஆனால் உலகில் தீமை இருக்கிறது. காரணம் இரண்டு: உலகில் நடப்பதையெல்லாம் இயற்கையையும் மனித அறிவையும் கொண்டே விளக்கிவிடலாம், மேலே ஒருவர் தேவையில்லை. இன்றைய நாத்திக மேடையிலும் அடிப்படையாக இருப்பவை இந்த இரண்டு வாதங்கள்தான். 750 ஆண்டுகளுக்கு முன்பே அவற்றைத் தன் நூலிலேயே கேலியோ திரிபோ இல்லாமல் எழுதி வைக்கிறார் தோமா. அதன்பிறகுதான் தன் பதில். பதிலோடும் விடுவதில்லை, இறுதியில் அந்த இரண்டு ஆட்சேபங்களுக்கும் தனித்தனியே திரும்பி வந்து மறுமொழி சொல்கிறார்.

இரண்டாவது நூல் அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார். அதே 13-ஆம் நூற்றாண்டு. அதன் முற்பகுதி பரபக்கம், பிற்பகுதி சுபக்கம். பிறர் கொள்கைகள் முதலில், தன் கொள்கை பிறகு. உலகாயதத்தில் தொடங்கி பௌத்தத்தின் நான்கு பிரிவுகள், சமணம், ஆசீவகம், மீமாம்சை, மாயாவாதம், பாஞ்சராத்திரம் என்று 14 தரப்புகளை வரிசையாக அழைத்து நிறுத்துகிறார். அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 'உலகாயதன் மதம்' என்று தலைப்பிட்டு, கண்ணால் காண்பதே சான்று என்ற அவன் கட்சியை அவன் வாயாலேயே பேசவிடுவார். அது முடிந்தபின் 'மறுதலை' வரும்.

இத்தாலியில் பிறந்து பாரிஸில் பாடம் சொன்ன தொமினிக்கன் துறவி ஒருவர், நடுநாட்டுச் சைவ ஆசாரியர் ஒருவர். ஒருவர் பெயர் மற்றவர் காதில் விழ வாய்ப்பே இல்லை. ஆனாலும் ஒரே நூற்றாண்டில் இருவரும் எதிராளிக்கு முதல் பேச்சைக் கொடுத்தார்கள்.

அருணந்தியார் இந்த இடத்துக்கு எப்படி வந்தார் என்பதற்குச் சைவ மரபு ஒரு கதை வைத்திருக்கிறது. அவர் பெரும் வித்துவான். மெய்கண்டார் குடும்பத்துக்கே குலகுரு. திருவெண்ணெய்நல்லூரில் சிறுவன் மெய்கண்டான் பாடம் சொல்கிறான் என்று கேள்விப்பட்டுச் சினத்தோடு போய், ஆணவம் என்பதன் வடிவம் என்ன என்று கேட்டாராம். சிறுவன் வாய் திறக்கவில்லை. எதிரில் நின்றவரை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தானாம். கேட்டவர் அங்கேயே சீடரானார். எதிர்வாதம் செய்யப் போன மனிதர் என்பதால்தான், எதிர்வாதத்தை இவ்வளவு மரியாதையோடு எழுத அவரால் முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

பாரிஸில் இந்த முறை ஏன் அப்போது அவ்வளவு வளர்ந்தது? ஒரு நெருக்கடியும் காரணம். அங்கே அரிஸ்டாட்டில் புதிதாக வந்து இறங்கியிருந்தார். கூடவே இப்னு சினா, இப்னு ருஷ்த் என்ற முஸ்லிம் தத்துவஞானிகளும், மைமோனிடஸ் என்ற யூத அறிஞரும். அவர்களை ஒதுக்கிவிடலாம் என்றது ஒரு கட்சி. தோமா ஒதுக்கவில்லை, பக்கத்துக்குப் பக்கம் அவர்களோடு வாதாடினார், கற்றார், கடன் வாங்கினார். அதற்கு விலையும் உண்டு. 1277 மார்ச் 7, தோமா இறந்து சரியாக மூன்றாம் ஆண்டு நாளில், பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைக் கண்டித்து ஆணையிட்டார். அவற்றில் சில தோமாவின் கருத்துகளையும் தொட்டன. 1323-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். இரண்டு ஆண்டு கழித்து, அவரைத் தொட்ட அளவில் அந்தக் கண்டனத்தைப் பாரிஸ் விலக்கிக்கொண்டது. இடைக்காலக் கத்தோலிக்கத் தத்துவம் என்றால் மேலிருந்து வந்த ஒரே குரல் என்று நினைப்பவர்கள் இந்த ஐம்பது ஆண்டுகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

தோமாவின் முறையை நம் கரைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் தத்துவ போதகர் என்ற ராபர்ட் தே நொபிலி. ரோமில் படித்து, 1606-ல் மதுரை வந்த இயேசு சபைத் துறவி. குடுமி, பூணூல், சந்தனம், மரக்கறி உணவு என்று வாழ்ந்தார். அதே மதுரையில் அவருக்கு முன்பிருந்தே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சக துறவி இது கிறிஸ்தவமே இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். 1610-ல் நொபிலி லத்தீனில் எழுதிய மறுமொழி அச்சு அசல் பாரிஸ் அரங்கின் பிள்ளை. ஆட்சேபங்களை எடுத்துக்கொள்கிறார், தோமாவைத் துணைக்கு அழைக்கிறார், ஒரு வழக்கத்தில் வழிபாட்டைச் சேர்ந்தது எது, சமூக அந்தஸ்தைக் காட்டுவது எது என்று பிரிக்கிறார், மதுரைப் பிராமண அறிஞர்களின் சாட்சியங்களையும் சேர்க்கிறார். வழக்கு கோவா போய், ரோம் போய், 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். பார்வை மங்கிய முதுமையில் நொபிலி வந்து சேர்ந்த இடம் மயிலாப்பூர். 1656-ல் அங்கேயே காலமானார். நம் கேளம்பாக்கத்துக்கு வடக்கே, இதே கரையில்தான் மயிலாப்பூர்.

இதோடு முடித்தால் இது ஒரு வெற்றிக் கதை. முடிக்க மனம் ஒப்பவில்லை.

நொபிலி பதில் சொன்ன ஆட்சேபங்கள் யாருடையவை? ஐரோப்பியப் பாதிரிமாருடையவை. அவர் வாங்கிய சாட்சியங்கள் யாருடையவை? பிராமணர்களுடையவை. மதுரையில் பறையர் என்று ஒதுக்கப்பட்டவர் ஒருவர், "சாமி, நீங்க சமூக வழக்கம்னு சொல்றதுதான் என்னை வெளியே நிறுத்துது" என்று கேட்டிருக்கக்கூடிய கேள்வி அந்த நூலில் முதல் ஆட்சேபமாக நிற்கவில்லை. சாதியைச் சமூக வழக்கம் என்ற பக்கம் தள்ளியதால் அது கிறிஸ்தவக் கோயிலுக்குள் நுழைந்தது. 1640 வாக்கில் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் ஏற்பட்டார்கள். சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருமார் போகத்தான் வேண்டும் என்று ஓர் ஆணையே தேவைப்பட்டது; 1704-ல் புதுச்சேரியில் போப்பின் தூதர் துர்னோன் அதைப் பிறப்பித்தார். அதற்குப் பிறகும் நெல்லைச் சீமையில், வடக்கன்குளத்துக் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிந்தது.

தோமாவின் முறை தோற்றது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த முறையை நொபிலி பாதியில் நிறுத்திவிட்டார். பாரிஸ் வழக்கம் எவரும் கேட்கலாம் என்றது. 'எவரும்' என்பதில் யார் யார் அடக்கம் என்பதை மதுரையில் அவர் சுருக்கிக்கொண்டார். தோமா இன்றும் வேண்டும் என்று பதினொரு வாரமாக நான் சொல்லிக்கொண்டிருப்பதும் இதற்காகத்தான். பலமான ஆட்சேபத்தை முதலில் எழுது, அதை யாரிடமிருந்து கேட்டாய் என்று பார், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் சொல். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாதம் அநியாயமாகிவிடும்.

நம் ஊர்ப் பக்கம் இதற்கு அன்றாட வேலை இருக்கிறது. இந்தக் கரையில் நெம்மேலியில் 2013-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். பக்கத்தில் சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் கரை அரிப்பைப் பற்றியும், திரும்பக் கடலில் விடும் உப்புநீரைப் பற்றியும் பேசினார்கள். சென்னைக்குத் தண்ணீர் வேண்டும் என்பது உண்மை. மீனவர் சொன்னதும் ஆட்சேபம் எண் ஒன்றாக எழுதப்படத் தகுந்தது.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. கூட்ட முடிவில், பதிவான கருத்துகளின் சுருக்கத்தை அங்கேயே மக்கள் மொழியில் விளக்கிப் படித்துக் காட்ட வேண்டும். மக்கள் எழுப்பிய பிரச்சினைகளும் அவற்றுக்குத் திட்டக்காரர் தரும் பதில்களும் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டு நடவடிக்கைக் குறிப்போடு இணைக்கப்பட வேண்டும். எனக்கு அதன் அமைப்பு தோமாவின் ஒரு பக்கத்தைப் போலவே தெரிகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் அடுத்து எந்தத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்பு நடந்தாலும், பேசிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். சுருக்கம் படித்துக் காட்டப்படும் வரை உட்கார்ந்திருங்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லை என்றால் எழுந்து கேளுங்கள். அடுத்த வாரம் வட்டி. வீட்டுக்கடன் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.