சரிவு நிலத்தில் ஏழு பேர்ச் வீடு: சமையலறையின் இடம் குறித்துச் சில கருத்துக்கள்

மலையகப் பெருந்தோட்டங்களின் வீடமைப்புப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் காணியுரிமை, வீடுகளின் எண்ணிக்கை, நிதி ஆகிய மூன்றையும் சுற்றியே அமைந்துள்ளன. அவற்றின் முக்கியத்துவத்தை எவரும் மறுக்கார். ஆயினும், காணி கிடைத்த பின்னர் அதன்மீது வீடு எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினா, வரைபடம் வரைபவருக்கு மாத்திரம் உரிய சிறு விடயமாக ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வினாவையே, சமையலறையை முதன்மைப்படுத்தி, இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

இந்திய அரசின் உதவியுடனான ஐம்பதாயிரம் வீட்டுத் திட்டத்தில் 4,000 வீடுகள் மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு என்பதே இத்திட்டத்தின் அளவு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறைகள் வாழ்ந்த வரலாற்றை நோக்குமிடத்து, இது சிறிய மாற்றமன்று. எனினும் ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி என்பதும், அந்த அடிகள் மட்டமாய் அளக்கப்படுபவை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. மலைச்சரிவில் அக்காணி முழுவதும் பயன்படுவதில்லை. வெட்டும் கானும் மதிலும் அதிற் பெரும் பங்கை விழுங்கிவிடுகின்றன.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். சரிவுக்குக் குறுக்காக 42 அடியும் சரிவின் திசையில் 45 அடியும் கொண்ட காணி. மூன்றடிக்கு ஓரடி இறங்கும் சரிவு. காணியின் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே 15 அடி உயர வேறுபாடு உண்டு. இதில் 22 அடி அகலமும் 25 அடி ஆழமும் உடைய வீட்டை அமைத்து, பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையில் நான்கடி விடுவதாயின், 29 அடி ஆழத்துக்கு மேடை வேண்டும். பாதியை வெட்டிப் பாதியை நிரப்பினாலும், பின்புறத்தில் ஏறத்தாழ ஐந்தடி வெட்டும் முன்புறத்தில் அதேயளவு நிரப்பு மண்ணும் உண்டாகும். அதே பரப்பை 34 அடி நீளமும் 16 அடி ஆழமுமாகச் சமவுயரக் கோட்டின் வழியே கிடத்தினால் மேடை 20 அடியே. வெட்டு மூன்றடி நாலங்குலத்துக்குக் குறைகிறது. வெட்டவேண்டிய மண்ணும் 770 கன அடியிலிருந்து 570 கன அடி அளவுக்கு இறங்கிவிடும். லயன்களைக் கட்டிய துரைமார் இதனை அறிந்திருந்தனர். அவர்களுடைய நோக்கம் செலவைச் சுருக்குவதேயன்றி வாழ்வோரின் நலமன்று என்பது வேறு விடயம்.

மண்வேலையிலும் முக்கியமானது சமையலறை. சமநிலத்து வீட்டுப்படத்தில் முன்னால் விறாந்தை, நடுவில் மண்டபம், பின்னால் சமையலறை என்பது வழக்கம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ‘பின்னால்’ என்பது திறந்த வளவு: கிணறும் வாழையும் காற்றும் உள்ள இடம். அதே படத்தை மலைச்சரிவில் வைக்கும்பொழுது ‘பின்னால்’ என்பது வெட்டிய மண்சுவராகிவிடுகின்றது. வீட்டின் மிகவும் இருண்ட, மிகவும் ஈரமான மூலை அதுவே. புகை அங்கிருந்து வெளியேற வழியின்றி வீட்டினுள்ளே திரும்புகின்றது. மேலும், மழைக்காலத்தில் மண் சரியுமாயின் அது முதலில் விழுவது அடுப்படியின் மீதாகும். கொழுந்துமலைக்குச் செல்லுமுன் விடியற்காலையில் அங்கே நிற்பவள் யார் என்பதைக் கூறவேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நிகழ்ந்தது போன்ற பெருஞ்சரிவை எந்த வீட்டுப்படமும் தடுக்காது; அங்கு வேண்டியது இடத்தைக் கைவிடுவதே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு வீட்டுப்படத்துக்கு முந்தியதாதல் வேண்டும். ஆனால் ஒரு வீட்டின் பின்சுவரை மாத்திரம் தள்ளிவிடும் சிறு சரிவுகள் படத்தினாலேயே கூடவோ குறையவோ செய்கின்றன.

ஆகவே, சமையலறையைப் பின்புறத்திலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றுதல் வேண்டும் என்பதே எமது கருத்து. 34 அடி நீள வீட்டின் ஒரு முனையில் பத்தடி சமையலுக்கும் கழுவலுக்கும், நடுவே 14 அடி மண்டபத்துக்கும் இஸ்தோப்புக்கும், மறுமுனையில் பத்தடி இரு படுக்கையறைகளுக்கும் எனப் பிரிக்கலாம். சமையற் பகுதியின் மூன்று பக்கங்கள் அப்பொழுது வெளிநோக்கியவையாகும். அடுப்பை வெளிச்சுவரோடு மேடையில் அமைத்துப் புகைபோக்கி வைக்கலாம். பக்கவாசல் வழியே மிலாறும் தண்ணீரும் படியேறாமல் உள்ளே வரும். கழுவுமிடமும் அதே மட்டத்திலேயே இருக்கும்.

எந்த முனை என்பதைக் காற்றே தீர்மானிக்கும். அட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுவதால், அடுப்பு அதற்கு மறுமுனையில் இருத்தல் நன்று; பதுளைப் பக்கத்தில் வடகீழ்ப் பருவக்காற்றையே முதலில் நோக்கல் வேண்டும். பள்ளத்தாக்குகள் காற்றைத் திருப்பிவிடுவதுண்டு. அதனை அத்தோட்டத்து முதியவர்களிடம் கேட்டறிவதே உத்தமம்.

சமையலறையின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிகொட்ஸ்கி வடிவமைத்த பிராங்பேர்ட் சமையலறை, பெண்ணின் அடிகளை எண்ணிக் குறைக்கும் நோக்கில் ஏறத்தாழ ஆறடி அகலமும் பதினோரடி நீளமுமாகச் சுருக்கப்பட்டது. உழைப்பை அளந்து இடத்தை வகுத்த அம்முயற்சி போற்றத்தக்கதே. ஆனால் அது குழாய்நீரும் எரிவாயுவும் வீட்டினுள் வந்துசேர்ந்த நகரத்துக்குரியது. மலையகத்தில் பெண்ணின் அடிகள் பெரும்பாலும் சமையலறைக்கு வெளியிலேயே விழுகின்றன: பீலிக்கரைக்கு, விறகுக்கு, கழுவுமிடத்துக்கு. அன்றியும், நுவரெலியாக் குளிரில் அடுப்படியே குடும்பம் கூடும் இடமுமாகும். எனவே இங்கு சுருக்க வேண்டியது வெளிவழியையே, அடுப்படியை அன்று. அடுப்பருகே நால்வர் அமர இடமில்லாத சமையலறை, விரைவில் படுக்கையறையாக மாறிவிடும். பின்சுவருக்கும் வெட்டுக்கும் இடையிலுள்ள நான்கடியிலே தகரக்கூரை போட்டு இன்னோர் அடுப்படி எழும், கான் அடைபடும். இதனைக் குடியிருப்போரின் அறியாமை எனக் குறைகூறுவோர் உளர். படம் அவர்களுடைய வாழ்வை அறியாதிருந்தது என்பதே பொருந்தும்.

நீர்ப் பிரச்சினை இதனோடு பிணைந்தது. வீட்டுக்கு மேலே, வெட்டின் விளிம்புக்கு அப்பால், மலைநீரை மறித்துப் பக்கமாகத் திருப்பும் கான் ஒன்று இன்றியமையாதது. அது நிரப்பு மண்ணின்மீது திறக்கலாகாது. காப்புச்சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேறத் துளைகள் வேண்டும். வீட்டுச் சுவரையே காப்புச்சுவராக்குதல் கூடாது. முன்சுவரின் அத்திவாரம் நிரப்பு மண்ணில் நில்லாது, அதனை ஊடுருவி இயற்கை நிலத்திற் பதிதல் வேண்டும். தேயிலை மலைகளிலே சமவுயரக் கோட்டை ஒட்டிக் கான் வெட்டி மண்ணைக் காத்தவர்கள் இத்தொழிலாளரே. அவர்களுக்கு இவ்வறிவைப் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. அவர்களைக் கலந்தாலோசித்தாற் போதுமானது. இதற்கு இந்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. மினெட் டி சில்வா கண்டிச் சரிவில் 1951இல் நிறைவுசெய்த கருணாரத்ன இல்லத்தில் நிலத்தின் இறக்கத்தையே வீட்டின் மட்டங்களாக்கினார். 1950களின் பிற்பகுதியில் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்துக்கெனக் குடியிருக்கவிருந்தோரின் தேவைகளைக் கேட்டறிந்தே படங்களை வரைந்தார். அங்கு குடியேறியோர் அரச உத்தியோகத்தர். கேட்கப்படும் உரிமை தோட்டத் தொழிலாளருக்கும் ஏன் இல்லை என்பது கட்டடக்கலை வினா மாத்திரமன்று.

மலசலகூடத்தைச் சமையல் முனையின் பின்மூலையில், தனிவாசலுடன், வீட்டின் மட்டத்திலேயே வைக்கலாம். இரவில் முதியோரும் கர்ப்பிணிகளும் படியிறங்க நேராது. குழியை மட்டும் கீழே, நிரப்பாத இயற்கை நிலத்தில் அமைத்தால், குழாய்க்கு வேண்டிய சாய்வைச் சரிவே தந்துவிடும். கழுவுநீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்பலாம்.

ஆனால் எனது காணியின் கீழ்மூலை, கீழ்வீட்டாரின் மேல்வெட்டுக்கு நேர் மேலே உள்ளது. எனது குழியின் ஊற்றும் எனது கானின் வெள்ளமும் அவர்களுடைய மண்சுவரை நனைக்கின்றன. ஏழு பேர்ச்சுக்குள் இதற்குத் தீர்வு கிடையாது. காணிகளைப் பிரிக்குமுன்னரே, இரு வரிசைகளுக்கு இடையே பொதுக் கானுக்கும் நடைபாதைக்கும் ஒரு துண்டு நிலம் ஒதுக்கப்பட்டு, அது எவருடைய உறுதியிலும் சேராது விடப்படுதல் வேண்டும். அக்கானைத் துப்புரவாக்கும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்தினதா, பிரதேச சபையினதா, குடியிருப்பாளர் சங்கத்தினதா என்பதும் வீடுகள் கையளிக்கப்படும் நாளுக்கு முன்னரே எழுத்தில் தீர்க்கப்படல் வேண்டும்.