கோப்பை தூக்குவது இழிவா?

உயர்தரம் முடித்த என் மாணவர் ஒருவருக்குக் கொழும்பு நட்சத்திர ஹோட்டலொன்றில் வெயிட்டர் வேலை கிடைத்தது. "பணக்காரர்களுக்குக் கோப்பை தூக்கவா படிப்பித்தேன்?" என்று வாப்பா கோபித்தார். "ஹலாலான உழைப்புத்தானே" என்றார் உம்மா.

இங்கே இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பரிமாறுவது இழிவல்ல. தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. உணவு கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்தவும், இல்லையேல் ஓரிரு கவளமாவது கொடுக்கவும் சொன்னார்கள். ஆனால், மதுவைச் சுமப்பவரையும் ஊற்றிக் கொடுப்பவரையும் ஹதீஸ் கண்டிக்கிறது. வாப்பா கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

கையெழுத்திடுமுன், மது பரிமாறாத பிரிவு கிடைக்குமா என்று கேட்கும்படி மாணவரிடம் சொன்னேன். வாப்பாவிடம் ஒன்று கேட்டேன்: நாம் ஹோட்டலில் சாப்பிடும்போது, பரிமாறும் பிள்ளையின் முகத்தையாவது பார்க்கிறோமா?