பிளக் கழலவில்லையா? குழாயை எடுக்காதீர்கள்

திருத்தணிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் பலர் இப்போது ஸ்பார்க் பிளக்கைத் தாங்களே மாற்றுகிறார்கள். கைப்பேசியில் வீடியோ ஓட, ஞாயிற்றுக்கிழமை வாசலில் பானட் திறந்து கிடக்கிறது. அதில் குற்றமில்லை. பிளக் அசைய மறுக்கும்போது செய்கிற காரியம்தான் வயிற்றைக் கலக்குகிறது. ராட்செட் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, துணைக்கு மச்சானையும் கூப்பிட்டு நெம்புகிறார்கள். பீங்கான் முறிந்து பிளக்கின் பாதி உள்ளேயே நின்றுவிடும். இல்லையென்றால் சிலிண்டர் ஹெட்டின் மரை பிளக்கோடு உரிந்து வரும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஹெட்டை இறக்கும் செலவு வந்து சேரும்.

ஹெட் அலுமினியம், பிளக்கின் உடல் எஃகு. வருடக்கணக்கில் கழற்றாமல் விட்டால் கரியும் அரிப்பும் மரையைக் கவ்விக்கொள்ளும். பலவந்தம் செய்தால் தோற்பது மென்மையான உலோகமான அலுமினியம். அதனால்தான் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். மலைப்பாதையில் கோயிலுக்கு ஏறி இறங்கிய சூட்டோடு ஸ்பேனர் வைக்காதீர்கள். முதலில் பிளக் குழியில் காற்றடித்து மண்ணை வெளியேற்றுங்கள். கால் சுற்று தளர்ந்ததும் நிறுத்தி, துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். பிறகு சற்று இறுக்கி, சற்றுத் தளர்த்தி, முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். அதற்கும் இறுகினால் கையை எடுங்கள். குழாய் வேண்டாம்.

உடைந்த துண்டு சிலிண்டருக்குள் விழுந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ‘ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்’ என்ற பேச்சே கூடாது. பிஸ்டன் மேலே ஏறும்போது அந்தத் துண்டு சுவரைக் கீறிவிடும். வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

புது பிளக்கை முதல் இரண்டு மூன்று சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20 போதும். உங்கள் வண்டிக் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

இனி, ஊரில் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத பகுதி. பாதி முயற்சி செய்த வண்டியைப் பட்டறையில் வாய்ப்பேச்சில் விட்டுவிட்டு வருகிறார்கள். மரை போனபின் ‘நீங்க வரும்போதே போயிருந்தது’ என்பார் மெக்கானிக். ‘நல்லாத்தானே கொடுத்தேன்’ என்பார் உரிமையாளர். சாட்சி யாருமில்லை. ஆகவே சாவியைக் கொடுக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: தேதி, வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது சிலிண்டர், பிளக் முழுசாக இருக்கிறதா உடைந்ததா, வீட்டில் என்ன செய்து பார்த்தீர்கள். குழாய் போட்டு நெம்பியிருந்தால் அதையும் எழுதுங்கள். மறைத்தால் பின்னால் வழக்கே கவிழும். மரை அறுந்தால் இன்செர்ட் போடுவதா, ஹெட்டை இறக்குவதா, யார் செலவு என்பதும் அதில் வரட்டும். இருவரும் கையெழுத்திடுங்கள். பிளக் குழியைப் படமெடுங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். கூலியை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்து பில் கேளுங்கள். இலவசமாகச் செய்த வேலைக்கு நுகர்வோர் சட்டம் துணை வராது.

சேதம் ஆனபின் பலர் போவது காவல் நிலையத்துக்கு. சிலர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் அலைகிறார்கள். இரண்டுமே இதற்கான இடமில்லை. டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினத்துக்குப் பேச்சுப் போட்டி வைக்கும் அதிகாரிகள், எந்தக் கதவைத் தட்டுவது என்று பட்டறை வாசல்களில் ஒரு பலகை மாட்டவைத்திருக்கலாம்.

முதலில், வண்டியைச் சரிசெய்யும் முன்பே, வேறொரு பட்டறையில் சேதத்தின் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். சரிசெய்த பிறகு ஆதாரம் அழிந்துபோகும். இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் மறக்கிறார்கள்: முதலில் எழுத்து, பிறகுதான் பழுதுபார்ப்பு. அடுத்து, 15 நாள் கெடு வைத்து விரைவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் சமரசம் ஆகாவிட்டால் திருவள்ளூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் மனு போடலாம். பட்டறைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. கணக்கில் வருவது நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல, கொடுத்த கூலி. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

திருத்தணி 1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். கூலி மலிவு என்று நகரிக்கும் புத்தூருக்கும் வண்டியை ஓட்டிப்போவது இன்றும் சகஜம். ‘ஆந்திராவில் கேஸ் போட முடியுமா’ என்று அலுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். பட்டறை நகரியில் இருந்தாலும் மனு திருவள்ளூரில் போடலாம். முகவரிச் சான்றை மனுவோடு இணையுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கடந்தால் தாமதத்துக்குக் காரணம் காட்டிக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

வாடகைக் கார் என்றால் ஒரு சிக்கல் உண்டு. வணிக நோக்கம், அதனால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டுபவர் என்று மனுவில் முதலிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளவர்கள் 15100-ஐ அழைத்து இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

காப்பீட்டை நம்பாதீர்கள். வழக்கமான முழுக் காப்பீடு இயந்திரக் கோளாறை ஏற்காது. வாரண்டி காலத்திலுள்ள வண்டியில் வீட்டில் கை வைத்தால் அதை வைத்தே நிறுவனம் கைவிரிக்கும்.

ஹெட்டோடு போகாமல் வேறொரு பழைய இன்ஜினையே மாற்றிப் பொருத்தித் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொன்னால், ‘நம்பரை யார் பார்க்கப் போறாங்க’ என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டிய நேரம் அதுதான். இன்ஜின் மாற்றத்துக்கு முன்பே அனுமதி கேளுங்கள். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிவுச் சான்றில் புது எண்ணை ஏற்றுங்கள். அதோடு பழைய இன்ஜினை விற்றவரின் பில்லையும் வாங்கி வையுங்கள். அது திருட்டு வண்டியிலிருந்து கழற்றியது என்று தெரியவந்தால் காவல் நிலையத்தில் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.